வான்வழியும் கிப்லாவும்

நியூயார்க் நகரிலிருந்து ஜித்தா நகருக்குள்ள வான்வழித் தொலைவு ஏறத்தாழ 10,200 கிலோ மீட்டர். பழைய கணக்கில் 6,300 மைலுக்குச் சற்று மேல். இடையில் எங்கும் இறங்காது பறந்து வரும் விமானம் இத்தொலைவை ஏறக்குறையப் பன்னிரண்டு மணி நேரத்தில் கடந்துவிடுகின்றது. திரும்பிச் செல்லும்போது பதின்மூன்று மணி நேரத்திற்கும் மேலாகின்றது. இந்த எண்களைப் பற்றி மார்க்கப் பக்கத்தில் எழுதுவதற்கு என்ன இருக்கின்றது என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். இத்தொலைவை அளக்கத் தெரியாமல் அளந்து, ஒரு குடும்பத்தாரின் தொழுகையில் குழப்பத்தை விளைவித்தவன் இதை எழுதுகின்ற நானே என்பதால்தான் எழுத வேண்டியதாயிற்று.

2004-ஆம் ஆண்டின் கோடைக்காலம். அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயதிருக்கும். வடஆர்க்காட்டுப் பகுதியிலுள்ள எங்கள் ஊரில் தோல் வணிகம் செய்துவந்த பெரியவர் ஒருவர், அஸர் தொழுகைக்குப் பின் என்னைத் தேடி மதரஸாவுக்கு வந்தார். அவருடைய மகன் நியூயார்க்கில் குடியேறி இரண்டாண்டுகள் ஆகியிருந்தன.

“ஹஜ்ரத், என் மகன் போகிற பள்ளிவாசலில் வடகிழக்கே பார்த்து நின்று தொழுகிறார்களாம். மக்கா நமக்குத் தென்கிழக்கில் அல்லவா இருக்கிறது, வடக்கே திரும்பினால் ருஷ்யா அல்லவா வரும் என்று டெலிபோனில் கேட்கிறான். நீங்கள் சொல்வதைத்தான் கேட்பேன் என்கிறான்” என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு இனித்திருக்க வேண்டும். மாணவன் ஒருவனிடமிருந்து பள்ளிக்கூட அட்லஸை வாங்கினேன். உலகப் படத்தில் நியூயார்க்கின் மீதும் மக்காவின் மீதும் அளவுகோலை வைத்தேன். கோடு அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, மொராக்கோவில் கரையேறி, சஹாராப் பாலைவனத்தின் வழியாகச் செங்கடலை எட்டியது. கிழக்கிலிருந்து சற்றே தெற்கு நோக்கிச் சாய்ந்த கோடு அது. “மகன் சொல்வதே சரி, பாய். கிழக்கு நோக்கி நின்று கொஞ்சம் தெற்கே திரும்பிக்கொள்ளச் சொல்லுங்கள்” என்றேன். இரண்டு நிமிடத்தில் தீர்ப்பு முடிந்தது.

அந்தத் தீர்ப்பு கடல் கடந்து போய் என்ன செய்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். மகன் ஜமாஅத்தை விட்டு விலகினார். வீட்டிலேயே மனைவி மக்களுடன் தென்கிழக்கு நோக்கித் தொழுது வந்தார். பள்ளிவாசலில் இருந்தவர்களோடு மனக்கசப்பும் உண்டாயிற்று. ஜும்ஆவுக்கு மட்டும் வேண்டாவெறுப்பாகச் சென்று வந்தாராம்.

அவ்வாண்டு டிசம்பர் விடுமுறையில் அவர் குடும்பத்தோடு உம்ராவுக்குப் புறப்பட்டார். இஹ்ராம் எங்கே அணிவது என்ற கேள்வி மீண்டும் என்னிடம் வந்தது. அதே அட்லஸ்! விமானம் ஆப்பிரிக்காவைக் கடந்து மேற்குத் திசையிலிருந்து ஜித்தாவுக்கு வருகின்றது என்று முடிவு செய்துகொண்டேன். செங்கடலின் மேற்குக் கரையிலுள்ள சவாகின் துறைமுகத்திலிருந்து நேரே கடல் கடந்து வருவோர்க்கு ஜித்தாவே எல்லை என்று ஃபகீஹுகள் பலர் கூறியிருப்பது நினைவில் இருந்தது. “ஜித்தாவில் இறங்கி அணிந்துகொள்ளலாம்” என்று சொல்லிவிட்டேன். ஓர் அளவுகோலின் பிழை இரண்டு பத்வாக்களை ஈன்றது.

ஜனவரியில் மகனிடமிருந்து எனக்கே நேராக டெலிபோன் வந்தது. விமானத்தில் ஒவ்வோர் இருக்கைக்கு முன்னும் சிறு திரை ஒன்றுண்டு. அதில் விமானம் செல்லும் வழி படமாக ஓடிக்கொண்டிருக்கும். நியூயார்க்கை விட்டுக் கிளம்பிய விமானம் தென்கிழக்கே திரும்பவேயில்லையாம். வடகிழக்காக ஏறிக் கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கம் சென்றதாம். பெருங்கடலைக் கடந்து பிரான்ஸ் நாட்டில் கரையேறியதாம். பிறகு மத்தியதரைக் கடல், எகிப்து, செங்கடல் என்று வடக்கிலிருந்து ஜித்தாவை நோக்கி இறங்கிற்றாம். தரையிறங்குவதற்குச் சற்று முன்னர், மீகாத் எல்லை நெருங்குகின்றது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அருகிலிருந்த எகிப்தியப் பெரியவர் ஒருவர் வற்புறுத்தியதால், கைப்பையில் இருந்த இஹ்ராம் துணியை இவர் அவசரமாக உடுத்து நிய்யத் செய்துகொண்டார்.

“ஹஜ்ரத், விமானக்காரனுக்கு எண்ணெய்ச் செலவு உண்டு. சுற்றுவழியில் போவானா? அவன் போன திசைதான் அந்தப் பள்ளிவாசலின் திசை” என்றார் மகன். குரலில் கோபமில்லை, இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுநாள் உயர்நிலைப் பள்ளியின் பூகோள ஆசிரியரிடம் சென்று உலக உருண்டையை இரவல் கேட்டேன். அவர் பேசாமல் ஒரு நூல் துண்டையும் சேர்த்துக் கொடுத்தார். நியூயார்க்கில் ஒரு முனையை வைத்து, மக்காவில் மறுமுனையை வைத்து, இழுத்துப் பிடித்தேன். இழுத்துப் பிடித்த நூல் தானாகவே மிகக் குறுகிய வழியில்தான் நிற்கும். அதற்கு வேறு வழி தெரியாது. அது நோவா ஸ்கோஷியாவின் மீது ஏறிற்று. நடுக்கடலில் ஏறத்தாழ 50 பாகை அட்சரேகை வரை உயர்ந்தது. பிரான்சின் தென்மேற்கிலுள்ள போர்டோ நகரின் பக்கம் இறங்கி, கார்சிகாத் தீவையும் கிரேக்கத்தின் தென்புறத்தையும் தொட்டு, கெய்ரோவுக்கு அருகே சென்று மக்காவில் முடிந்தது. மகன் திரையில் கண்ட வழி அப்படியே என் விரல்களுக்கிடையில் இருந்தது.

தட்டையான படம் ஏன் ஏமாற்றுகின்றது? தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்குகின்றன. நிலநடுக்கோட்டில் ஒரு பாகை தீர்க்கரேகையின் அகலம் 111 கிலோ மீட்டர். நியூயார்க் இருக்கும் 40-ஆம் பாகையில் அது 85 கிலோ மீட்டராகக் குறைகின்றது. 50-ஆம் பாகையில் ஏறத்தாழ 72 தான். நியூயார்க்குக்கும் மக்காவுக்கும் இடையே கிழக்கு நோக்கி ஏறத்தாழ 114 பாகைகளைக் கடந்தாக வேண்டும். வடக்கே ஏறிக் கடந்தால் ஒவ்வொரு படியும் குட்டையாகின்றது. ஆனால் 1569-இல் மெர்க்காட்டர் கப்பலோட்டிகளுக்காக வரைந்த படமுறையில் இந்த ரேகைகள் யாவும் கம்பி வேலி போல் ஒரே இடைவெளியில் நிற்கின்றன. ஆப்பிரிக்காவின் பதினான்கில் ஒரு பங்கேயுள்ள கிரீன்லாந்து அதில் ஆப்பிரிக்காவுக்கு இணையாகத் தோன்றுவதும் இதனாலேயே. அந்தப் படத்தில் நான் இழுத்த நேர்கோட்டின் வழியே விமானம் பறந்திருந்தால் 600 கிலோ மீட்டருக்கு மேல் வீணாகப் பறந்திருக்கும்.

நம் ஊரிலிருந்து பார்க்கும்போது இந்தப் பிழை வெளியே தெரிவதில்லை. சென்னையிலிருந்து கிப்லா, மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்தது. தட்டைப் படத்தில் கோல் வைத்தால் 12 பாகை என்று காட்டும். ஆறு பாகை வேறுபாட்டை யார் கவனிக்கப் போகின்றார்கள்? மேற்கே பார்த்தே வளர்ந்த எனக்கு, அட்லஸ் பொய் சொல்லும் என்ற எண்ணமே எழவில்லை. நியூயார்க்கிலோ வேறுபாடு 42 பாகைக்கு மேல். சரியான திசை வடக்கிலிருந்து 58½ பாகை. நான் சொன்னது 101.

இதில் வெட்கம் தரும் பகுதி இன்னும் இருக்கின்றது. இந்தக் கணக்கு மேலை நாட்டார் நமக்குக் கற்பித்ததன்று. உருண்டையான பூமியில் இரு நகரங்களுக்கிடையேயுள்ள தொலைவையும் திசையையும் கணக்கிடுவது எப்படி என்று நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நூல்கள் இயற்றியுள்ளனர். அல்பிரூனி 1025-இல் முடித்த ‘தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்’ என்னும் நூல், கஜ்னா நகருக்குரிய கிப்லாவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தை நோக்கி நடக்கின்றது. அதற்கு நகரங்களின் தீர்க்கரேகை வேறுபாடு தெரிய வேண்டும். அக்காலத்தில் ஏது டெலிபோன்? 997-ஆம் ஆண்டு மே மாதச் சந்திர கிரகணத்தைக் குவாரிஸ்மின் காத் நகரில் அல்பிரூனி பார்த்தார். முன்பே பேசி வைத்துக்கொண்டபடி பக்தாதில் அபுல் வஃபா பார்த்தார். கிரகணம் இருவருக்கும் ஒரே கணத்தில்தான் நிகழும். ஆனால் இருவரின் உள்ளூர் நேரம் வேறு. அந்த நேர வேறுபாடே தீர்க்கரேகை வேறுபாடு. ஒரு மணிக்குப் பதினைந்து பாகை என்ற அதே கணக்கில்தான் இன்றைய விமான அட்டவணைகளின் நேர மண்டலங்களும் அமைந்திருக்கின்றன. ஒட்டகக் கூட்டத்தார் சொன்ன தொலைவுகளையும் அவர் விட்டுவிடவில்லை. பாதையின் வளைவு நெளிவுகளுக்காக ஒரு பகுதியைக் கழித்துவிட்டு நேர்த்தொலைவை மதிப்பிட்டார். பதினான்காம் நூற்றாண்டில் திமிஷ்கின் உமய்யாப் பள்ளிவாசலில் நேரக் கணிப்பாளராக இருந்த அல்கலீலி, ஒவ்வொரு பாகைக்கும் கிப்லாத் திசையைக் கணித்து ஏறத்தாழ மூவாயிரம் எண்கள் கொண்ட அட்டவணையே தயாரித்தார்.

இவர்களின் பெயர்களை நான் மேடைகளில் பெருமையாகச் சொல்லியிருக்கின்றேன். அவர்கள் என்ன கணக்கிட்டார்கள் என்று பார்த்ததில்லை. அமெரிக்காவில் இந்த விவாதம் புதியதன்று என்பதும் தெரியாது. தென்கிழக்கே சரி என்று வாதிட்டோர் அங்கும் இருந்தனர். 1957-இல் திறக்கப்பட்ட வாஷிங்டன் பள்ளிவாசல் வடகிழக்கு நோக்கியே கட்டப்பட்டிருக்கின்றது.

இனி, போகவும் வரவும் நேரம் ஏன் வேறுபடுகின்றது என்பதைச் சொல்ல வேண்டும். மதரஸா மாணவர்களிடம் இதைக் கேட்டால், பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் தானாக எதிரே வரும், ஆகையால் மேற்கே போவதுதான் விரைவாக இருக்க வேண்டும் என்பார்கள். பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்கின்றது. ஓடும் ரயிலுக்குள் மேலே எறிந்த பந்து கையிலேயே விழுவது போலத்தான். உண்மைக் காரணம், பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் பெருங்காற்று. குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கிலோ மீட்டரையும் தாண்டும். கிழக்கே வருபவன் அதன் முதுகில் ஏறிக்கொள்கின்றான். மேற்கே போகிறவன் அதற்கு ஒதுங்கி வேறு வழி தேடுகின்றான். 2020 பிப்ரவரியில் ஒரு புயலின்போது நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு ஜம்போ விமானம் ஐந்து மணி நேரத்திற்குள், 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. காற்றை முன்னிட்டு நாள்தோறும் வழி சற்று மாறும். ஆகவே விமானத்தின் தடம் நூலின் மீதே இம்மியும் பிசகாமல் செல்லும் என்று எண்ண வேண்டாம். ஆனால் நூலை விட்டு நெடுந்தூரம் விலகிச் செல்லவும் அதற்குக் கட்டுப்படியாகாது.

தாஞ்சியரிலிருந்து 1325-இல் புறப்பட்ட இப்னு பதூதா, 1326-ஆம் ஆண்டின் இறுதியில்தான் ஹஜ்ஜை அடைந்தார். இன்றைய விமானமோ ஷரீஅத் கூறும் பயணத் தொலைவான 48 மைலை, அதாவது ஏறத்தாழ 77 கிலோ மீட்டரை, ஐந்தே நிமிடத்தில் கடக்கின்றது. இவ்வளவு விரைவாகச் செல்பவனுக்கும் கஸ்ருச் சலுகை உண்டா என்று சிலர் கேட்பதுண்டு. உண்டு. ஃபகீஹுகள் கணக்கில் கொண்டது தொலைவைத்தான். வாகனத்தின் வேகத்தையோ பயணியின் களைப்பையோ அன்று.

தொலைவு சுருங்கிற்றே தவிர, தொழுகை நேரங்களின் கணக்கு கடினமாயிற்று. குளிர்காலத்தில் நியூயார்க்குக்கும் ஜித்தாவுக்கும் எட்டு மணி நேர வேறுபாடு, கோடையில் ஏழு. இரவு ஒன்பது மணிக்குப் புறப்பட்டவரின் கைக்கடிகாரம் அதிகாலை இரண்டைக் காட்டும்போதே, அட்லாண்டிக்கின் மேலே கீழ்வானம் வெளுக்கத் தொடங்கிவிடும். தூங்கிவிட்டால் ஃபஜ்ரு போயிற்று. அதிலிருந்து எட்டு மணி நேரத்திற்குள் லுஹரும் வந்து, அஸரும் வந்து, மஃரிபுக்குச் சற்று முன்னால் ஜித்தாவில் இறங்குவார். திரும்பும் வழியில் நேர் எதிர். காலை எட்டு மணிக்கு ஜித்தாவில் ஏறியவர், பதின்மூன்றரை மணி நேரம் பறந்து, அன்றே பிற்பகல் ஒன்றரை மணிக்கு நியூயார்க்கில் இறங்குகின்றார். சூரியனோடு சேர்ந்து அவரும் மேற்கே ஓடுவதால் லுஹர் நேரம் வருவதற்கே ஒன்பது பத்து மணி நேரம் காத்திருக்க நேரும். வீட்டுக் கடிகாரத்தை நம்பித் தொழுதால் இரு வழியிலும் தவறும். ஜன்னலுக்கு வெளியே தெரியும் சூரியனே அவருக்குக் கடிகாரம்.

திசையைப் பொறுத்தவரை, ஜித்தா செல்லும் பயணிக்கு ஓர் எளிமை வாய்த்திருக்கின்றது. இதை மகன் கேட்ட பிறகுதான் நானும் யோசித்தேன். திசைகாட்டி முள்ளின் கணக்கில் அந்த விமானம் முதலில் வடகிழக்கே செல்கின்றது, நடுக்கடலில் நேர்கிழக்கே, ஐரோப்பாவுக்கு வந்ததும் தென்கிழக்கே. கெய்ரோவில் நின்று தொழுபவர்க்கும் கிப்லா தென்கிழக்குத்தான். அதாவது, முள் நகர்ந்துகொண்டே போனாலும் விமானத்தின் முகப்பு வழி நெடுகிலும் ஏறத்தாழக் கிப்லாவையே நோக்கியிருக்கின்றது. விமானி இருக்கும் அறையை நோக்கி நின்றால் போதும்.

இஹ்ராம் செய்தியையும் முடித்துவிடுகின்றேன். எகிப்தின் வழியாக வடக்கிலிருந்து வருவோரின் மீகாத் ஜுஹ்ஃபா. இன்று அதற்கு ராபிக்கை வழக்கில் கொண்டுள்ளனர். விமானம் அதன் நேர்க்கோட்டைக் கடப்பது தரையிறங்குவதற்கு அரை மணி நேரத்திற்குள்தான். என் சொல்லைக் கேட்டு ஜித்தாவில் இறங்கி இஹ்ராம் அணிந்திருந்தால், திரும்பி மீகாத்துக்குச் சென்று வர வேண்டும். இல்லையேல் அந்தக் குடும்பத்தார் ஒவ்வொருவர் மீதும் ஒரு குர்பானி பரிகாரமாகக் கடமையாகியிருக்கும். பெயர் தெரியாத அந்த எகிப்தியப் பெரியவருக்காக நான் இன்றும் துஆச் செய்கின்றேன்.

எஞ்சியது ஏழு மாதத் தொழுகை. மகன் அதைக் கேட்கவில்லை, தந்தைதான் கேட்டார். “மீட்டித் தொழ வேண்டுமா, ஹஜ்ரத்?” என்றார். இம்முறை நான் உடனே வாய் திறக்கவில்லை. மூன்று நாள் தவணை கேட்டேன். கிதாபுகளைப் புரட்டினேன், எனக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதுக்கு முன்னால் போய் நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஷாஃபிஈ மத்ஹபில், தவறு உறுதியாகத் தெரிந்துவிட்டால் மீட்டித் தொழ வேண்டும் என்பதே வலுவான கூற்று. அந்தக் குடும்பத்தார் ஹனஃபிகள். கிப்லாவிலிருந்து வலமோ இடமோ 45 பாகைக்குள் திரும்பியிருந்தால் திசை மாறியதாகாது, தொழுகை நிறைவேறும் என்பது ஹனஃபி மத்ஹபின் பிற்கால ஃபகீஹுகள் கொண்ட அளவு. நான் விலக்கியது நாற்பத்திரண்டரைப் பாகை. இரண்டரைப் பாகை இடைவெளியில் தப்பினோம். உஸ்தாத் அந்தக் கணக்கைத் தாளில் எழுதி வாங்கிப் பார்த்தார். “இனி அட்லஸை மூடி வை” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஜும்ஆவில், பயானின்போது, நான் சொன்னது தவறு என்று மிம்பரில் நின்று அறிவித்தேன். நியூயார்க் போகாத எங்கள் ஊர் ஜமாஅத்துக்கு இது எதற்கு என்று நிர்வாகிகள் சிலர் முகம் சுளித்தனர். தந்தை முதல் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருந்தார்.

ஆனால் மகனுக்கு இன்னும் ஒரு நெருடல் இருந்தது. விமானம் போன வழி வேறு, தொழும் திசை வேறு என்று அவருடைய நண்பர் ஒருவர் கிளப்பிவிட்டிருந்தார். அதற்குக் கணக்கே தெரியாதவர்க்கும் விளங்கும் சான்று ஒன்றுண்டு. ஆண்டுதோறும் மே மாதம் 28-ஆம் தேதியளவிலும் ஜூலை 16-ஆம் தேதியளவிலும் நண்பகலில் சூரியன் கஅபாவுக்கு நேர் உச்சியில் வந்து நிற்கின்றது. மே மாதத்தில் அது மக்கா நேரம் பகல் 12 மணி 18 நிமிடம். நமக்குப் பிற்பகல் 2 மணி 48 நிமிடம். அந்தக் கணத்தில் உலகில் எங்கிருந்து சூரியனை நோக்கினாலும் கஅபாவின் திசையை நோக்கியதாகும். நியூயார்க்கில் அப்போது அதிகாலை 5 மணி 18 நிமிடம். சூரியன் உதித்திருக்காது; உதிக்கப் பத்து நிமிடமே இருக்கும். அதனால் வானத்தின் எந்தப் பக்கம் சிவந்திருக்கின்றதோ, அதுவே கிப்லா.

2005 மே 28 அன்று நான் மதரஸா முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, மாணவர்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு, டெலிபோனை எடுத்தேன். அங்கே அவர் குடியிருப்பின் மொட்டை மாடியில் பிள்ளைகளோடு நின்றிருந்தார். எங்கள் குச்சியின் நிழல் கிழக்கே சற்றுத் தெற்காக விழுந்தது. நிழலின் எதிர்ப்புறம் எங்கள் மிஹ்ராபின் பக்கம். “அங்கே வெளிச்சம் எந்தப் பக்கம்?” என்று கேட்டேன்.

“வடகிழக்கில், ஹஜ்ரத். பள்ளிவாசல் பார்க்கிற பக்கம்” என்றார்.

அன்று ஃபஜ்ருத் தொழுகையை அவர் அந்தப் பள்ளிவாசலில் ஜமாஅத்தோடு தொழுதுவிட்டுத்தான் மாடிக்கு வந்திருந்தாராம். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் மே 28 அன்று மேகமில்லாவிட்டால் குச்சி நடுகின்றோம். 2 மணி 48 நிமிடத்துக்கு அங்கிருந்து அழைப்பு வரும். இப்போது பேசுவது அவருடைய மூத்த மகன்.